முனையைக் காணோம்

பொழுது விடியவில்லை. பனியன் கம்பெனியின் தையல் தளத்துக்குள் மட்டும் எல்லாமே வெள்ளையாக இருந்தது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல், கண்ணைக் குத்தும் வெள்ளை விளக்கு. பெண்களின் புருவத்திலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பஞ்சு. மெஷின்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடின.

கழுத்துக்காரி குனிந்த தலை நிமிரவில்லை. டி-சர்ட்டுக்குக் கழுத்துப்பட்டை வைப்பது அவள் வேலை, அதனால் வந்த பெயர். பட்டை சின்னது, கழுத்து ஓட்டை பெரியது. பட்டையை இழுத்து ஓட்டையின் அளவுக்குக் கொண்டுவந்து, ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினின் வாய்க்குள் வளைத்து ஓட்டவேண்டும். இழுப்பு கூடினால் கழுத்து சுருங்கும். குறைந்தால் அலையலையாக நிற்கும். முதல் கூடை தீர்வதற்குள் பெருவிரல் இரண்டும் மரத்துவிடும்.

"எங்கண்ணன் கழுத்த நெரிக்க முடியாத கோபத்தையெல்லாம் எங்கண்ணி இதுல தீத்துக்குது" என்றாள் பக்கத்து மெஷினில் இருந்த ரேடியோ.

வரிசை முழுக்கச் சிரித்தது. ரேடியோ அவளுக்கு நாத்தனார். டி-சர்ட்டின் தோளோடு கைத்துண்டைச் சேர்த்துத் தைப்பவள். வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் தண்ணீர்க் குடத்துக்கும் தலையணைக்கும் சண்டை போடுவார்கள். வேலைக்கு ஒரே குடையில்தான் வருவார்கள்.

அவர்கள் தைத்தது பெண்களுக்கான சாதாரண டி-சர்ட். பூ இல்லை, எழுத்து இல்லை, பொத்தான் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி சிரித்தாள். எதனோடும் பொருந்துமாம், எல்லா நாளைக்கும் ஆகுமாம். அலமாரியில் எத்தனை உடுப்பு இருந்தாலும் அவசரத்துக்குக் கை முதலில் போவது அதன்மேல்தான். ஆனால் எப்போது வாங்கினோம் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

"நம்மள மாதிரிதான் அண்ணி" என்று ரேடியோ ஒருமுறை சொல்லியிருந்தாள். "தினமும் வேணும். யாருன்னு கேட்டா தெரியாது."

ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு கண்ணாடி மூடி உண்டு. ஊசி முறிந்தால் தெறிக்கும் துண்டு கண்ணில் படாமல் காக்க. பஞ்சு படிந்து அது அடிக்கடி மங்கும், துடைக்கவேண்டும். துடைத்தால் நேரம் போகிறதாம். மேனேஜர் எல்லாவற்றையும் கழற்றி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுத் தன் மேஜைக்கு அடியில் வைத்திருந்தான். துணியை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மூடிகள் மெஷினுக்கு வரும். ஆள் படியிறங்கியதும் பெட்டிக்குப் போகும்.

டக்.

ரேடியோவின் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது.

"ஊசி!" மேனேஜர் ஓடி வந்தான். "மெஷின நிறுத்து! யாரும் நகரக்கூடாது! முனை எங்க? முனையத் தேடுங்க!"

தளத்தின் சட்டம் அது. ஊசி முறிந்தால் அதன் எல்லாத் துண்டும் கிடைத்தாகவேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வரிசையில் தைத்த ஒரு துணியும் வெளியே போகக்கூடாது. எங்கோ ஒருத்தி புதுச் சட்டையைத் தலைவழியே இறக்கும்போது அவள் தோளில் கீறிவிடக் கூடாதே.

பெண்கள் மண்டியிட்டார்கள். காந்தக் கட்டையால் தரையைத் துழாவினார்கள். கூடையைக் கவிழ்த்தார்கள். மேனேஜர் ரேடியோவின் மடியில் கிடந்த சட்டையை உருவி, விளக்கில் பிடித்து, மடிப்பு மடிப்பாகத் தடவினான். ரேடியோ இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது, சத்தம் இல்லை.

"இங்க இல்ல சார்." "இங்கயும் இல்ல."

கழுத்துக்காரிதான் எழுந்து போய் அந்தக் கையை விலக்கினாள்.

முனை அங்கே இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் முனையை எடுத்துவிட்டார்கள். பார்வையை மீட்க முடியவில்லை. தாதி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் முனையைப் போட்டு, "வச்சுக்கங்க, நாளைக்குக் கேஸு கீஸுன்னா உதவும்" என்று கழுத்துக்காரியின் கையில் கொடுத்தாள். எள்ளைவிடக் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான். இவ்வளவு வாய் பேசுகிறவளை அது அடக்கிவிட்டதே என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். போட்டிருந்தது அவர்கள் தைத்த டி-சர்ட்தான். கழுத்து அலையடித்ததால் கழித்துப் போட்டது. தோளில் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. கழுத்துக்காரி கட்டிலோரம் உட்கார்ந்து அந்த அலையையே பார்த்தாள். தன் கைப் பிழை. 

மாலையில் மேனேஜர் வந்தான். கையில் பழப்பை.

"எப்படி இருக்கா?"

"கேக்காதீங்க, கண்ணால பாருங்க."

அவன் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்தான். "அம்மா, ஒரு சின்ன விஷயம். அந்த முனை... உங்ககிட்ட இருக்காமே?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவனே புரியவைத்தான். விபத்து நடந்த அன்றே மதியம் துணி வாங்கும் கம்பெனியின் ஆய்வு மேடம் திடீரென்று வந்துவிட்டாளாம். மூடிகளை மட்டும் அவசரமாக மாட்டிவிட்டார்களாம். முறிந்த ஊசியின் மேல்பாதியைப் பார்த்து, மறுபாதி எங்கே என்று கேட்டிருக்கிறாள். காணோம் என்றதும் மேல்பாதியை உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டாள். துணி மொத்தத்துக்கும் பூட்டு. வேறு முனையைக் காட்டி ஏமாற்றவும் வழியில்லை. முறிந்த வாயோடு வாய் பொருந்தவேண்டும்.

"கண்ணுல இருந்துச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

மேனேஜர் பழப்பையை ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்கு மாற்றி வைத்தான். "சொன்னா அப்ப மூடி இருந்துச்சான்னு கேப்பாங்க. முதலாளி உங்களுக்கு நல்லது பண்ணுவார். முனையைக் குடுங்க, நான் எதையாவது சொல்லிக்கிறேன்."

கழுத்துக்காரி இடுப்பில் செருகியிருந்த புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குள் ஏதோ சில்லென்று இறங்கி உட்கார்ந்தது. கோபம் சுடும் என்று நினைத்திருந்தாள். இது சுடவில்லை.

"பழத்த எடுத்துட்டுப் போங்க" என்றாள். "முனைக்கு நானே வரேன்."

அவன் போனபின் ரேடியோ திரும்பாமலே பேசினாள். விபத்துக்குப் பின் அவள் பேசிய முதல் வார்த்தை. "குடுத்துடாத அண்ணி."

"குடுக்கத்தான் போறேன்" என்றாள் அவள். "எங்க வாங்குனோமோ அங்க."

*

அடுத்த நாள் விடியலில் முதலாளியே தளத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட மடிப்பு. மேடம் அன்று காலை வருகிறாள். அதற்குள் முனை வேண்டும். மெஷின்கள் ஓடவில்லை. பெண்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவின் மெஷினில் புது ஊசி பளபளத்தது. அதற்கு முன்னால் மூடி இல்லை.

"வாம்மா" என்றார் முதலாளி. "உன் வீட்டுப் பொண்ணுன்னா எனக்கும் பொண்ணு மாதிரி."

"உங்க பொண்ணுக்கு எத்தன கண்ணு சார்?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் விளக்கு அணைந்தது. அவர் வரிசையின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தத் துணி போகலேன்னா கதவச் சாத்துறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. உங்க அடுப்புல தண்ணி ஊத்துறது நான் இல்ல, இவ. என்ன செய்யலாம்னு இவளையே கேளுங்க."

 பஞ்சு விளக்கடியில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துக்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் தப்பு சொல்ல அவளால் முடியவில்லை. எல்லா வீட்டிலும் அடுப்பு உண்டு.

கடைசி மெஷினிலிருந்து பீரங்கி தொண்டையைச் செருமினாள். அடிமடிப்புத் தைப்பவள், குரலுக்காக வந்த பெயர். கழுத்துக்காரிக்கும் அவளுக்கும் நெடுநாளாக ஆகாது. கழுத்து கோணினால் மடிப்பைக் குறை சொல்வதும், மடிப்பு கோணினால் கழுத்தைக் குறை சொல்வதும்தான் அவர்கள் உறவு.

"குடுத்துடேன்டி" என்றாள் பீரங்கி. "போன கண்ணு வரவா போகுது?"

சரிதான் என்று நினைத்துக்கொண்டாள் கழுத்துக்காரி. தான் தனி ஆள். தனி ஆளுக்கு ஒரு வழிதான் உண்டு. அதைத்தான் இரவெல்லாம் நினைத்திருந்தாள். புட்டியின் மூடியைத் திருகினாள். முனையை உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்தாள். எப்போதும் மரத்துப்போகும் விரல்கள் அன்று மரக்கவில்லை.

"கிட்ட வாங்க சார். சின்னது. கீழ விழுந்தா கிடைக்காது."

முதலாளி குனிந்தார். அவர் முகம் அவள் கைக்கு அருகே வந்தது. இமை மயிர் தெரிந்தது. வெள்ளை விழியில் சிவப்பு நரம்பு நூல்போல ஓடியது. ஒரு சாண் தூரம். முனையைச் செருக இந்தத் தூரம் போதும். ஒரே ஒரு கண். அதற்குமேல் அவள் ஆசைப்படவில்லை.

"சார்" என்றது பீரங்கியின் குரல். "ஒண்ணு கேக்கணும். இந்த முனை எங்க கிடைச்சுதுன்னு சொல்வீங்க?"

முதலாளி குனிந்தபடியே எரிச்சலோடு பதில் சொன்னார். "மெஷினுக்கு அடியில. பஞ்சுல கிடந்துச்சு, கூட்டும்போது கிடைச்சுது. வேற எங்க?"

"பஞ்சுல."

"ஆமா."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே ஆகல."

 பீரங்கி நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். ஊசிக்கு அடியில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

டக்.

முதலாளி நிமிர்ந்தார்.

"என்னுதும் முறிஞ்சு போச்சு சார்" என்றாள் பீரங்கி, முறிந்த துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு. "முனையைக் காணோம். பஞ்சுல தேடிப் பாருங்க."

"ஏய், என்ன திமிரா?"

டக். நடு வரிசையில் பக்கத்தையல்காரி. "என்னுதும் சார்." டக். தலை குனிந்திருந்தவர்களில் ஒருத்தி. அவள் இன்னும் தலை நிமிரவில்லை, கை மட்டும் வேலை செய்தது. டக். டக். வரிசை முழுக்க ஓடியது அந்தச் சத்தம், சுள்ளி முறிப்பதுபோல. "காணோம் சார்." "நல்லாத் தேடிட்டேன், காணோம்." யாரோ சிரித்தார்கள். ரேடியோ ஆஸ்பத்திரிக்குப் போனபின் அந்த வரிசையில் கேட்ட முதல் சிரிப்பு.

கழுத்துக்காரியின் விரல்களுக்கு நடுவே முனை நின்றது. முதலாளியின் கண் இப்போது எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தேடவில்லை. முனையைப் புட்டிக்குள் போட்டு மூடியைத் திருகினாள். பிறகு தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

"மேடம் கையில நானே குடுக்குறேன் சார்" என்றாள். "எங்க கிடைச்சுதுன்னும் நானே சொல்றேன். ரேடியோ கண்ணுக்கு நீங்க பதில் சொல்லணும். எல்லா மெஷினுக்கும் மூடி வரணும், ஆள் வர்ற நாளுக்கு மட்டும் இல்ல. அதுவரைக்கும் எங்க யாருக்கும் முனை கிடைக்காது."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க" என்றாள் பீரங்கி. "தேடுறதுக்கு ஆள் பத்தலதான்."

வாசலில் கார் ஒலிப்பான் கேட்டது.

மேனேஜர் பாய்ந்து மேஜைக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்தான். மூடிகளை அள்ளிக்கொண்டு வரிசையில் ஓடினான். "மாட்டுங்க, சீக்கிரம் மாட்டுங்கம்மா!" ஒவ்வொருத்தி முன்னாலும் நீட்டினான். கை நீட்ட ஆள் இல்லை. எல்லாக் கையும் மூடியிருந்தது. கண்ணாடி மூடிகள் அவன் கக்கத்திலிருந்து நழுவித் தரையில் உருண்டன.

 முதலாளி கஞ்சிச் சட்டையோடு மண்டியிட்டார். பெண்கள் அன்று மண்டியிட்ட அதே இடம். காந்தக் கட்டையை எடுத்துப் பஞ்சுக்குள் துழாவினார். அவர் முழங்காலில் வெள்ளை அப்பியது.

கழுத்துக்காரி மேலிருந்து அதைப் பார்த்தாள். போதும் என்று தோன்றவில்லை. எதுவும் போதாது. என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. மேடம் கேட்பாளோ, காதை மூடிக்கொள்வாளோ, மாலைக்குள் கதவே பூட்டிவிடுமோ. பீரங்கி தன் மெஷினை விட்டு எழுந்து வந்து, ரேடியோவின் காலி நாற்காலியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குத்துதுடி" என்று முணுமுணுத்தாள், மூடிய கையைக் காட்டி.

"திறக்காத."

"திறப்பேனா?"

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வரிசை முழுக்க மூடிய கைகளைத் தூக்கி மெஷினின் மேல் வைத்துக்கொண்டு பெண்கள் கதவைப் பார்த்தார்கள்.