வட்டத்துக்குள் இரண்டு கைகள்

டிவித் திரையின் கீழ்மூலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் இருக்குமே, அதற்குள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருப்பவள் நான்தான். சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேட்கிற ஜனங்களுக்கு நான் ஒரு தொந்தரவு. மேட்ச் ஸ்கோரை மறைக்கிறேன் என்று ஆபீசுக்கே போன் போட்டுத் திட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பார்ப்பதற்காகவே டிவி முன்னால் உட்காருகிற ஆள் ஒன்று உண்டு. என் அம்மா. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் அவளை யாரும் அனுப்பவில்லை, அதனால் எழுத்தும் தெரியாது. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினாள். அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லும்படி அவர் எதுவும் செய்யவில்லை. ஊரில் உலகத்தில் நடக்கிறதெல்லாம் அம்மாவுக்கு என் கை வழியாகத்தான் போகும். அதே கையால் ஐந்து வருஷமாக அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி மருந்துக் கம்பெனியின் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சரக்கு இறக்குகிற கடை ஒன்றில், மூடுகிற நேரமாகப் பார்த்துக் கல்லாவில் கைவைக்கப் போனான். கடையில் இருந்த பெண்ணுக்கு அவன் தினமும் பார்க்கிற முகம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியால் அடித்தான். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அதற்காக இதை மென்று முழுங்க முடியுமா? செய்தான். செய்தவன் அவன்தான்.

அம்மாவிடம் நான் சொன்ன கதை வேறு. வேன் ஓட்டும்போது ஒரு பெண் மேல் மோதிவிட்டான், அவள் இறந்துபோனாள், சில வருஷம் உள்ளே இருக்கவேண்டும், ஜெயில் ரொம்பத் தூரம், யாரையும் பார்க்க விடமாட்டார்கள். இப்படிச் சொல்லச் சொன்னதே தம்பிதான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, வாயைத் திறக்காமல் கையாலேயே கெஞ்சினான்.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம்கா. என்னைக் கொன்னாலும் சொல்லாதே."

அன்றைக்கு அது பேச்சுக்குச் சொன்ன வார்த்தை. பிறகு கீழ்க்கோர்ட் தூக்கு என்றது. மேலே இருந்த கோர்ட்டுகளும் அதையே சொல்லின. கருணை மனு ஒன்றுதான் பாக்கி.

இன்னொரு விஷயமும் இருந்தது. கொலைச் செய்தி எது வந்தாலும் அம்மா கழுத்தில் கையை வைத்து மேலே ஒரு இழுப்பு இழுப்பாள். தூக்கில் போடு என்று அர்த்தம். அந்த விஷயத்தில் அவளுக்கு ஈவு இரக்கமே கிடையாது. அப்படிப்பட்டவளிடம் எந்தக் கையை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வேன்?

அன்று மதியம் ஆபீஸ் பலகையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'தூக்கா? ஆயுளா? மாலை நேரலை விவாதம்.' கீழே தம்பியின் பெயர். அதற்கும் கீழே, சைகைக்கு: மாஸ்டர்.

மாஸ்டர் என்றால் காது கேளாதோர் பள்ளியில் வாத்தியாராக இருந்துவிட்டு டிவிக்கு வந்தவர். தொழிலில் எமகாதகர். ஒரு சொல் விடமாட்டார். மருந்து வேன் டிரைவர், மருந்துக் கடை, ஷட்டர் கம்பி, எல்லாவற்றையும் படம் வரைந்த மாதிரி காட்டிவிடுவார். அம்மாவுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? டிவி ஒயரைப் பிடுங்கி வைப்பதையும் முன்பே செய்து பார்த்தாகிவிட்டது. நேராகக் கீழ்வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"மாஸ்டர், இன்னைக்கு ஒரு நாள் எனக்கு விட்டுக் குடுங்க."

"கிறுக்கா உனக்கு? எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. நானே எப்படித் தப்பிக்கிறதுன்னு பாத்துட்டு இருக்கேன்."

"அதான் வழி சொல்றேன்ல. கொஞ்சம் குடுங்க, ப்ளீஸ்."

என் குரலில் என்ன இருந்ததோ, ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம், "நல்லா இரும்மா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் திட்டம் இதுதான். ஸ்டுடியோவில் யார் என்ன கத்தினாலும், என் வட்டத்துக்குள் கொலை செய்தவன் வேறு எவனோ ஒருவன். வேன் டிரைவரைச் சமையல்காரன் ஆக்கிவிடுவேன். மருந்துக் கடையைத் துணிக்கடை ஆக்கிவிடுவேன். பெயரைப் பற்றிக் கவலையில்லை. நாங்கள் பெயர்களை எழுத்து எழுத்தாக விரலில் காட்டுவோம், எழுத்து தெரியாத அம்மாவுக்கு அது விளங்காது. வீட்டில் தம்பியின் பெயர் வேறு. புருவத்தின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு கீறல். குழந்தையில் கட்டிலிலிருந்து விழுந்து பட்ட தழும்பு, அதையே அம்மா அவனுக்குப் பெயராக வைத்துவிட்டாள். என் பெயர், காதைத் தொடுவது. கேட்கிறவள்.

ஸ்டுடியோ செட்டுக்குப் போனேன். சுவர் அளவுக்கு ஒரு தூக்குக் கயிறு, அதன் வளையத்துக்குள் ஒரு தலை. நல்லவேளை, கைதான அன்று எடுத்த படம், கறுப்புத் துணியால் முகத்தை மூடியிருந்தார்கள். கிராபிக்ஸ் செய்தவன் மகா சூரன். கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அது ஆடறதை நிறுத்த முடியுமா? கண்ணை உறுத்துது" என்று புரொட்யூசரிடம் கேட்டேன்.

"மேடம், அதுதான் இன்னைக்கு ஹீரோவே."

பக்கத்துச் சின்ன அறையில், நீலத் துணிக்கு முன்னால், காதில் இயர்போனோடு போய் நின்றேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் என் நெஞ்சைத் தொட்டு 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று நழுவ முடியாது.

ரிட்டயர்டு போலீஸ் அதிகாரி ஆரம்பித்தார். "நான் சொல்றேன். இவனையெல்லாம் சோறு போட்டு வளக்கணுமா? தூக்குதான்."

நான் நெஞ்சைத் தொட்டேன். கழுத்தில் கை வைத்தேன். சமையல்காரனைத் தூக்கில் போடு என்றேன். சமையல்காரன் என்று சொல்லிக்கொண்டதால் என் கை ஏமாறிவிடவில்லை. விரல்களுக்கு யார் என்று தெரிந்திருந்தது.

எதிரே இருந்த வக்கீலம்மா விடவில்லை. "தூக்குல போட்டா கொலை குறையும்னு யார் நிரூபிச்சிருக்காங்க? தீர்ப்பு தப்பாப் போனா திருத்தறதுக்கு ஆள் உயிரோட இருக்கணும் சார்."

"உங்க வீட்டுல நடந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"நடந்திருந்தா கொல்லணும்னுதான் நானும் நினைப்பேன். அதனாலதான் தீர்ப்பு சொல்ற வேலையை என்கிட்டக் குடுக்கக் கூடாது."

வக்கீலம்மா பேசும்போதெல்லாம் என் கைக்கு உயிர் வந்தது. அவருக்கே தோன்றாத நியாயங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் திரையின் அடியில் ஓடிய 'மக்கள் தீர்ப்பு' ஓட்டுக் கணக்குக்கு என் கை எட்டவில்லை. தூக்கு என்கிற சிவப்புக் கோடு வளர்ந்துகொண்டே போனது. விளம்பர இடைவேளையில் மானிட்டரைப் பார்த்தேன். போலீஸ்காரரும் வக்கீலம்மாவும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு இது ஒரு மாலை வேலை. என் வீட்டுக் கழுத்து அது.

இடைவேளைக்குப் பிறகு ஒருவரைக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தார்கள். இறந்துபோன பெண்ணின் அப்பா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வேலையிலிருந்து நேராக வந்திருக்கவேண்டும், காக்கிச் சட்டையோடு இருந்தார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க" என்றார் தொகுப்பாளர். குரலைச் சட்டென்று மெதுவாக்கிக்கொள்ள அவருக்குத் தெரியும்.

"என் பொண்ணு..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார்.

நானும் நெஞ்சைத் தொட்டு 'என் பெண்' என்று சொல்லியிருந்தேன். அவர் பேசாதபோது நான் பேசக்கூடாது. கையை எடுக்கவும் முடியவில்லை. அது நெஞ்சிலேயே கிடந்தது.

"என் பொண்ணு முகத்தை எனக்குக் காட்டலைங்க. பாக்கிற மாதிரி இல்லைன்னு மூடியே குடுத்துட்டாங்க. மூடினபடியே கொண்டுபோயிட்டோம். கோர்ட்டுக்கு ஒரு நாள் விடாம போனேன். அவங்க வீட்டுலேருந்து ஒரு பொண்ணு துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டு வந்து கடைசி பெஞ்சுல உக்காரும். அவனைப் பெத்தவங்க வந்ததே இல்லை."

அந்தப் பெண் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவர் பேச்சைத் தன் பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. சமையல்காரன், துணிக்கடை எல்லாம் எங்கோ போய்விட்டன. அவருடைய அழுகை மட்டும் காதுக்குள் இருந்தது.

அடுத்து அவர் தம்பியின் பெயரைச் சொன்னார். "அவன் அம்மா எங்கே?" என்றார்.

என் விரல் புருவத்தைக் கீறிவிட்டது.

கீறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மாஸ்டராக இருந்தால் ஜென்மத்துக்கும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். அவருக்கு எங்கள் வீட்டுப் பெயர் தெரியாது. யாரும் சொல்லிவிடக்கூடாது என்று கெஞ்சி இடம் வாங்கிக்கொண்டு வந்து, சொன்னவள் நான்தான்.

"அந்த அம்மா இப்போ இதைப் பாத்துட்டு இருந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

அப்போதுகூடச் சமாளித்திருக்கலாம். தலையைச் சொறிந்த மாதிரி காட்டிவிட்டு மறுபடி சமையல்காரனைப் பிடித்திருக்கலாம். மானிட்டரில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"தூக்குதான் வேணும். அதுல எனக்கு மாத்தம் இல்லைங்க" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி அந்த அம்மா போய் அவன் முகத்தைப் பாத்துடட்டும். மூடிக் குடுத்துட்டா ரொம்பக் கொடுமை. நான் அனுபவிச்சிட்டு இருக்கேன்."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதுவரை மாற்றிச் சொன்னதையும் திருத்திச் சொன்னேன்: மருந்துக் கடை, ஷட்டர் கம்பி, கோர்ட், தூக்கு. அவன் என்று வந்த இடத்தில் எல்லாம் புருவத்தைக் கீறினேன்.

வெளியே வந்ததும் புரொட்யூசர் ஓடிவந்தான். "மேடம், கலக்கிட்டீங்க. கடைசில அழுதீங்க பாருங்க, எல்லாரும் அதைத்தான் பேசறாங்க." அவனைத் தாண்டிக்கொண்டு படியிறங்கும்போது மாஸ்டர் போனில் வந்தார். "யார் அந்தச் சமையல்காரன்? பாத்தவங்க எல்லாம் எனக்கு மெசேஜ் மேல மெசேஜ் போடறாங்க. உன் வேலை போயிடும், தெரியுதா?" போகட்டும் மாஸ்டர் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் கூடத்தில் விளக்கு எரிந்து அணையும். அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பை, அதில் துணி மடித்து வைத்திருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, என் இடத்தில் வட்டம் இல்லை.

அம்மா கையைத் தூக்கிப் புருவத்தின் மேல் ஒரு கீறல் போட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"வேன் மோதலையா?"

"இல்லம்மா."

"கம்பியா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு கத்தினாளா?"

"கத்தினா."

"யாருக்கும் கேக்கலையா?"

"கேக்கலைம்மா."

நான் போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவன்தான் சொல்லக்கூடாது என்றான் என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். எங்கள் வீட்டில் அது வாயைப் பொத்துகிற மாதிரி.

"எல்லாருக்கும் நான் கயிறு இழுத்திருக்கேன்" என்றாள். "இன்னைக்கு அந்தச் சமையல்காரனுக்கும் இழுத்தேன். நீ புருவத்தைத் தொடற வரைக்கும் இழுத்துட்டே இருந்தேன்."

எப்போதும் காதைத் தொட்டு என் பெயரைச் சொல்கிறவள், வெறும் விரலை நீட்டித்தான் 'நீ' என்றாள்.

"நாளைக்கு அவன்கிட்டப் போறோம். பாக்க விடுவாங்களா?"

"விடுவாங்க." பிறகு, இதையும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, "எப்பவுமே விட்டாங்கம்மா" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குல போடும்போது கையைக் கட்டுவாங்களா?"

இன்னும் ஒரு பொய் சொல்ல எனக்கு இடம் இருந்தது. தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாலே போதும்.

"கட்டுவாங்க."

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டிலின் நுனிக்கு நகர்ந்து என் கண்ணை நேராகப் பார்த்தாள். அவள் புருவம் ஏறி இறங்கியது. உதடு துடித்தது, தோள் முன்னால் வந்து வந்து போனது. கை இல்லாமலேயே எனக்கு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.