உப்பு கம்மி

சகாதேவன் அன்றைக்கு உப்பளத்தில் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தான். மனைவி தனகோடியின் ரத்தப் பரிசோதனை முடிவு போனில் வந்திருந்தது. ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்க்கும் சிவசங்கரி என்ற பெண் கூப்பிட்டு, சர்க்கரை நார்மல், கொழுப்பு பரவாயில்லை, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி என்று கடகடவென ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாள். சகாதேவனுக்குக் கால் தரையில் படவில்லை. நேரே தாஜுதீன் கடைக்குப் போய் ஒரு கிலோ வாங்கிவந்தான். பாத்தியில் நின்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வர வர, ஆளுக்கு ஒன்று எடுத்து நீட்டினான்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மரக்காணத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் உப்பு என்றால் கிட்னி போய்விட்டது என்று அர்த்தம். கிட்னியைப் பார்க்கிற பரிசோதனைக்கு டாக்டர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம், ஊர் வைத்த பெயர் உப்பு. சகாதேவனின் அண்ணன் அப்படித்தான் உப்பு ஏறி, முகம் வீங்கி, புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்தே போய்ச் சேர்ந்தான். காலமெல்லாம் உப்பில் நிற்கிறவனுக்கு அது உடம்புக்குள் ஏறாமலா இருக்கும் என்ற பயம் அளத்தில் எல்லோருக்கும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் போன் போட்டு உப்பு கம்மி என்று சொன்னால் அவன் ஜாங்கிரி கொடுக்காமல் வேறென்ன செய்வான்? எந்த உப்பு, கம்மியானால் நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை கூடச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும்?

போன வருஷம் தனகோடிக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் திரும்பி வந்தவள் பழைய தனகோடி இல்லை. அளத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத மேஸ்திரி கிடையாது. அப்படிப்பட்டவள் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தட்டில் போட்ட சோறு போட்டபடியே காயும். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். சகாதேவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்தது. மாரடைப்பு வந்தவர்களில் நிறையப் பேருக்கு மனம் விட்டுப்போகிறது, மனம் விட்டவர்களுக்கு இதயமும் லேசில் தேறுவதில்லை, மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் இரண்டும் தேறுமா என்று பார்க்கிறோம் என்று அதன் தலைமை டாக்டர் அசோகன் விளக்கினான். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அளத்துக்காரியின் மனதைப் பற்றி அதுவரை யார் கேட்டார்கள்? தனகோடி தன் இஷ்டத்தோடுதான் கையெழுத்துப் போட்டாள். இதயத்துக்காக அவள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த, சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைக்கும் நீர் மாத்திரையோடு மனசு மாத்திரையும் சேர்ந்தது.

கொஞ்ச நாளிலேயே தலைவலி என்றாள், குமட்டுகிறது என்றாள். அதற்குத்தான் ரத்தம் எடுத்தார்கள். உப்பு கம்மி என்ற செய்தி வந்த பிறகு சகாதேவன் சும்மா இருக்கவில்லை. கம்மியானது இன்னும் கம்மியாகட்டும் என்று கஞ்சியில் ஒரு கல் உப்புப் போடவிடவில்லை. கருவாட்டை வாசலோடு நிறுத்தினான். கிட்னிக்கு நல்லது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கவைத்தான். வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவள் முகத்தைச் சுளித்தால், குழந்தையைத் தாஜா பண்ணுவது போலக் கெஞ்சி ஊட்டினான். பாசத்தோடு அவளைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தான், பாவம், அவனுக்கு அது தெரியாது.

அடுத்த முறை சிவசங்கரி கூப்பிட்டபோது தனகோடியே போனை வாங்கினாள். தலை கனக்கிறது, நடந்தால் தரை கீழே இறங்குகிறது, சொல்ல வந்த வார்த்தை வாயில் நிற்க மாட்டேன் என்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“மனசு சோர்வா இருந்தா அப்படித்தான்மா இருக்கும்,” என்றாள் சிவசங்கரி. “டாக்டர்கிட்ட சொல்றேன்.”

டாக்டரிடம் சொன்னாள். அசோகன் மனசு மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினான். நேரில் பார்க்காமல், நாடி பிடிக்காமல், அந்த ரத்த முடிவை இன்னொரு தரம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாக்கினான்.

அதற்கப்புறம் நடந்ததை அளமே பார்த்தது. சகாதேவனுக்குச் சோறு கொண்டுவந்த தனகோடி வரப்பில் நேராக வந்தவள், சட்டென்று திரும்பி, காலில் செருப்போடு பாத்திக்குள் இறங்கினாள். மறுநாள் வார வேண்டிய உப்பு அதில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பாத்தியில் செருப்புக் காலோடு யாரும் இறங்க மாட்டார்கள். குடிகாரன்கூடச் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். தனகோடி சேற்றைக் கலக்கியபடி பாத்தியின் நடுவில் நின்று, “அப்பா எங்க போனாரு?” என்று கேட்டாள். அவள் அப்பா செத்து எத்தனையோ காலமாகிறது.

மேஸ்திரி பிரபு வாரிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, “மெண்டல் ஆயிடுச்சுபா,” என்றான். கையிலிருந்த உப்பு வாரும் பலகையை ஓங்கிக்கொண்டு பாய்ந்த சகாதேவனை நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான். சாயங்காலத்துக்குள் அது அனுமந்தை வரைக்கும் போய்விட்டது. பிரம்மதேசத்திலிருந்து தனகோடியின் தங்கை வந்து, பேய் ஓட்டுகிற ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று காதைக் கடித்தாள். சகாதேவன் அவளைத் திட்டி அனுப்பினான். ஆனால் கட்டின புருஷனே, ஒருவேளை அப்படித்தானோ என்று நினைக்கத் தொடங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன, வாயில் நுரை தள்ளியது. 108 வந்து புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வழியெல்லாம் சகாதேவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டபடியே போனான். அவள் அவனைப் பார்த்தாள், ஆனால் யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டான். சகாதேவன் மடியிலிருந்து எல்லா அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தான். மனசு மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அந்த டாக்டருக்கு எல்லாம் விளங்கிப்போனது. சர்க்கரையைக் குத்திப் பார்த்தான், இழுப்பு நிற்க ஒரு ஊசி போட்டான், சைக்கியாட்ரி கேஸ் என்றான். மிச்ச டெஸ்ட்டெல்லாம் மனநல வார்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று சீட்டெழுதினான். தனகோடி கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்ததால் இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அடுத்த கட்டில்காரி தன் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி உட்காரவைத்தாள்.

சகாதேவன் அவள் கைகளையே பார்த்தான். உப்புக் காய்ப்பு ஏறிய அந்தக் கைகள் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் கையேந்தியதில்லை. அவற்றைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அவள் வாயிலிருந்து வந்த எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. மனசு மாத்திரை சாப்பிடுகிறவள் தலைவலி என்றால் அது மனசு, கால் தள்ளாடுகிறது என்றால் அதுவும் மனசு. அந்த ஒரு அட்டையோடு அவள் உடம்பைப் பார்ப்பதையே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

தள்ளுவண்டி வந்துவிட்டது. எந்த வார்டுக்கு என்று ஆயாம்மா சொன்னதும் சகாதேவன் கட்டிலின் குறுக்கே நின்றுகொண்டான். நகரப்பா என்றார்கள், நகரவில்லை. செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்டு டூட்டி மாற வந்த டாக்டர் ஷாகிரா என்ன தகராறு என்று கேட்டாள். சின்ன வயசுப் பெண், இன்னும் கோட்டுகூடப் போட்டு முடிக்கவில்லை. இவளாவது கேட்கட்டும் என்று சகாதேவன் தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினான்.

“இவ பைத்தியம் இல்லீங்க. உடம்புல ஒரு கோளாறும் இல்ல. டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டாங்க. சக்கரை இல்ல. உப்புகூட கம்மின்னுதாங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் இவளுக்கு உப்பே கண்ணுல காட்டல.”

கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்த ஷாகிரா அப்படியே நின்றுவிட்டாள்.

“எந்த உப்பு கம்மின்னாங்க?”

“ரத்தத்துல உப்புதாங்க. கிட்னி உப்பு.”

“கிட்னி உப்புன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?”

சகாதேவன் யோசித்துப் பார்த்தான். கிட்னி என்ற வார்த்தையை அந்தப் பெண் சொல்லவே இல்லை. ஷாகிரா அதற்குமேல் நிற்கவில்லை. தள்ளுவண்டியைத் திருப்பி அனுப்பினாள், தானே ரத்தம் எடுத்தாள், அவசரம் என்று சொல்லிக் கையோடு அனுப்பினாள். முடிவு வந்ததும் முதல் வேலையாகத் தனகோடியின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னாள்.

அப்புறம் சகாதேவனை உட்காரவைத்துச் சொன்னாள். ஊரார் பயப்படுகிற உப்பு ஒன்று, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ஏறினால் கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தம். இது வேறு, சோடியம், நாம் சோற்றில் போடுகிற உப்பில் இருக்கிறதே, அதுவேதான். இது குறைந்தால் மூளைக்கு ஆபத்து. நீர் மாத்திரையும் குறைக்கும், மனசு மாத்திரையும் சில பேருக்குக் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் பெண்களுக்கு, அதுவும் வயசு ஏற ஏற, ஆபத்து அதிகம். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ரத்தம் பார்க்க வேண்டும் என்பது புதுசாகக் கண்டுபிடித்த ரகசியம் ஒன்றும் இல்லை. அவர்கள் பார்க்கவும் செய்தார்கள். பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை இரண்டாக்கினார்கள்.

சகாதேவனுக்கு ஜாங்கிரி ஞாபகம் வந்து, உடம்பெல்லாம் கூசியது. ஊருக்கெல்லாம் உப்பு வாரிப்போடுகிறவன், பெண்டாட்டி உடம்பில் உப்பில்லாமல் போனதற்கு இனிப்பு கொடுத்திருக்கிறான். கூச்சம் அடங்கியதும் ஆத்திரம் வந்தது. தனக்குத் தெரியாது, சரி. தெரிந்தவர்கள் எங்கே போனார்கள்?

உப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் அதுவும் மூளையைக் கெடுக்கும் என்று ஷாகிரா சொல்லியிருந்தாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒரு நாள் தனகோடி கண்ணைத் திறந்து, கன்னத்தில் முள் மாதிரி தாடியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, சவரம் பண்ணக்கூட நேரமில்லையா என்று கேட்டாள். சகாதேவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியபோது அசோகனும் சிவசங்கரியும் ஆப்பிளோடு வந்தார்கள். ஷாகிரா அப்போது வார்டில்தான் இருந்தாள். அசோகன் நலம் விசாரித்தான், வருத்தம் தெரிவித்தான். பிறகு குரலைத் தணித்து, அம்மாவை இனிமேல் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பார்க்கிறோம், அவர்களாகவே சொந்தக் காரணத்தால் ஆராய்ச்சியிலிருந்து விலகிவிட்டார்கள் என்று போட்டுக்கொள்கிறோம், ஒரு கையெழுத்து போதும் என்றான். எல்லோருக்கும் அதுதான் சௌகரியம் என்றும் சொன்னான்.

சகாதேவன் வாயைத் திறப்பதற்குள் தனகோடி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“நான் எங்க விலகுனேன்? நீங்க குடுத்தீங்க, நான் சாப்ட்டேன். விழுந்தேன். அது எப்படி என் சொந்தக் காரணமாவும்?”

மாத்திரையைத் தொடர முடியாதே அம்மா என்று அசோகன் இழுத்தான். மாத்திரையை நிறுத்துவது வேறு, ஆராய்ச்சியிலிருந்து ஆளை எடுத்துவிடுவது வேறு, அது உங்களுக்கே தெரியும் சார் என்று ஷாகிரா குறுக்கே சொன்னாள். மருந்து கெடுதல் பண்ணினால் அதை ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற கமிட்டிக்கு எழுதியனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். அசோகன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்கு மனசு சரியில்லாம இருந்தது நெசம்தான்,” என்றாள் தனகோடி. “அதுக்கு மருந்து வேணும்னு நான்தான் கையெழுத்து போட்டேன். அதுல எனக்கு வெக்கம் இல்ல. மனசு சரியில்லாதவ தலை வலிக்குதுன்னு சொன்னா, அது தலைவலி இல்லையா? எங்க ஊர்ல இப்ப என்னை மெண்டல்னு சொல்றாங்க. நீங்க நான் ஓடிப்போயிட்டேன்னு எழுதிட்டா, அடுத்து இந்த மாத்திரையைச் சாப்பிட்டு விழறவளையும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

சிவசங்கரியின் கண் கலங்கியிருந்தது. அவள் அசோகனைக் கேட்காமலே பைக்குள்ளிருந்து வேறொரு தாளை எடுத்து, என்ன எழுதட்டும் என்று கேட்டாள். நடந்ததை எழுது என்றாள் தனகோடி. அவள் சொல்லச் சொல்லச் சிவசங்கரி எழுதினாள். கடைசி வரி வந்தபோது அசோகன் கையை நீட்டி, அது மட்டும் வேண்டாமே, சட்டப்படி சிக்கல் வரும் என்றான். சிவசங்கரியின் பேனா நிற்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள் தனகோடி. அந்தப் பெண் மெதுவாகத் தொடங்கியதும், சத்தமாகப் படி, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்க வேண்டும் என்றாள். சிவசங்கரி எழுந்து நின்று படித்தாள்.

“மனச்சோர்வு மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்ததில் நோயாளியின் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து, புத்தி தடுமாறி வலிப்பு வந்தது. தனக்கு முடியவில்லை என்று நோயாளி முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்கவில்லை.”

அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“கடைசி வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிம்மா,” என்றாள் தனகோடி.