நாற்பத்தேழாம் எண் சீட்டு

எங்கள் வீட்டு வாசலில் நான்கு தொட்டிகள் நிற்கின்றன. பச்சையில் சமையலறைக் கழிவு, நீலத்தில் காகிதமும் அட்டையும், மஞ்சளில் தகரமும் பிளாஸ்டிக்கும், சாம்பலில் இவை எதிலும் சேராதது. இதற்குப் பதினாறு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் வேறு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் கணவரே அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தார். ஆறாம் பக்கத்தில் தூங்கிவிட்டார்.

நான் ஏனோதானோ என்று செய்கிற பெண் இல்லை. தகர டப்பாவைக் கழுவி, மேலே ஒட்டிய காகிதத்தைச் சுரண்டி, மூடியைத் தனியே எடுத்துத்தான் போடுவேன். சாப்பிடும் தட்டுக்குக் கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. அப்படிப்பட்ட என் நீலத் தொட்டியின் மேல் ஒரு வியாழக்கிழமை சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. 'தவறான பொருள். எடுக்கப்படவில்லை.' கீழே, ஊழியர் எண் 47. எந்தப் பொருள், ஏன் தவறு என்று ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் தொட்டியைக் கூடத்தில் கவிழ்த்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செய்தித்தாள், செருப்பு வாங்கிய பெட்டி, மாவு வந்த பை, பால் பெட்டி. தொட்டால் அட்டை, கிழித்தால் அட்டை. பால் பெட்டியை மூன்று முறை அலசியிருந்தேன். வியாழக்கிழமை மறுபடியும் சிவப்புச் சீட்டு, மறுபடியும் நாற்பத்தேழு. எதிர்வீட்டு டீச்சர் அதைப் படிப்பதற்காகவே தெருவைக் கடந்து வந்தார். மூன்றாவது சீட்டு விழுந்தால் ஒரு மாதம் வண்டி நம் வாசலில் நிற்காதாம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போனை எடுத்துப் புகார்ப் பிரிவைக் கூப்பிட்டேன்.

"அந்த நாப்பத்தேழு வேணும்னே பண்றான். தொட்டியைத் திறந்து பார்த்தானான்னே தெரியல. குப்பை எடுக்கிறவனுக்கு இவ்வளவு திமிரா?"

"அப்படியே எழுதிக்கட்டுமாங்க?"

"அப்படியே எழுதுங்க."

என் நாக்குக்கு எப்போதுமே அவசரம். மூன்றாவது வியாழக்கிழமை, அந்த நாற்பத்தேழின் முகத்தையாவது பார்த்துவிடுவது என்று காலையிலேயே மாடி ஜன்னலில் நின்றேன். வண்டி வந்தது. பின்பக்கத்திலிருந்து ஒருவன் குதித்தான். இடது காலை லேசாகச் சாய்த்து நடக்கும் அந்த நடையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பட்டாணி. என் தம்பி. எங்கள் தெருவுக்கு அவன் மாறி வந்திருப்பது எனக்குத் தெரியாது.

அவன் நீலத் தொட்டியைத் திறந்தான். கையை விட்டுப் பால் பெட்டியை எடுத்தான். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அதை மஞ்சள் தொட்டியில் போட்டு மூடினான். சீட்டு ஒட்டவில்லை. ஊழியர்கள் கையால் மாற்றிப் போடக்கூடாது என்பது விதி; அது எனக்கே தெரியும். வேலையை முடித்துவிட்டு ஒரு தரம் வீட்டை நிமிர்ந்து பார்த்தான். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஏன் ஒளிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் என் மகள் கல்யாணம். சம்பந்தி வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். நான் பட்டாணியைக் கூப்பிட்டு, "யாராவது கேட்டா ஆபீஸ்ல வேலைன்னு சொல்லுடா" என்றேன்.

"நான் செய்ற வேலையைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லக்கா. உனக்குக் கூச்சமா இருந்தா, நான் வரல."

வா என்று நான் இன்னொரு முறை சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பாவம். சம்பந்தியம்மா கேட்டபோது, கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். தோளில் தூக்கி வளர்த்தவனை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கினேன். அது அவன் காதுக்கும் எட்டியது. அதன்பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அன்று வண்டி போனதுமே புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டேன். பதிவான புகாரைத் திரும்ப வாங்க முடியாதாம். விசாரணைக்கு மேற்பார்வையாளர் நேரில் வருவாராம். சொன்னபடியே சனிக்கிழமை வந்தார், அதுவும் மகளும் மருமகனும் சம்பந்தியம்மாவும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு சீட்டுமே பால் பெட்டிக்குத்தான்மா. வெளியில அட்டை, உள்ளுக்குள்ள பிளாஸ்டிக்கும் தகடும் ஒட்டியிருக்கு. அது மஞ்சள்ல போகணும். பதினோராம் பக்கத்துல இருக்கு."

என் கணவர் விட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப தப்பு என் மேலதான்" என்றேன். "புகாரை அடிச்சிடுங்க."

"சீட்டு விஷயத்தை அடிச்சிடலாம். ஆனா வேணும்னே பண்றான், திமிர்னு நீங்க சொன்னது இருக்கே. அதுக்கு அவருக்கு ஒரு கரும்புள்ளி விழும், ரூட்டையும் மாத்திடுவாங்க. பதினெட்டு வருஷத்துல அவர் மேல வந்த முதல் புகார் இது. அதனால ஒரு கேள்வி, ரெண்டு தரப்பையும் கேட்கிறது வழக்கம். அந்த ஊழியருக்கும் உங்களுக்கும் முன்விரோதம், உறவு, ஏதாவது உண்டா? இருந்தா அந்தப் புகார் செல்லாது."

சம்பந்தியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மாமாவின் ஊழியர் எண் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் படித்துவிட்டாள் என்று தோன்றியது. இல்லை என்று சொன்னால் அன்றைய காபி அப்படியே இனிமையாக முடிந்திருக்கும். அந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான்.

"அவன் என் தம்பி" என்றேன். "கூடப் பிறந்தவன். கோபத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அது அவன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். வேற யாரா இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது."

மேற்பார்வையாளர் தாளைப் புரட்டினார். அவர் முகத்தில் குழப்பம்.

"அவர் வேற மாதிரி எழுதியிருக்காரே."

தாளை என் பக்கம் திருப்பினார். 'வீட்டாருடன் உறவு ஏதேனும் உண்டா?' அதற்கு நேராக, பள்ளிக்கூடத்தில் நான் கைபிடித்து எழுதப் பழக்கிய அதே குண்டுகுண்டான எழுத்தில், 'இல்லை.'

கரும்புள்ளி வாங்கினாலும் பரவாயில்லை என்று என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். அந்தத் தாளுக்கு முன்னால் நான் குறுகிப்போனேன்.

"கூடப் பிறந்தவங்க யாருமில்லன்னு சொன்னீங்களே?" சம்பந்தியம்மா கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

"பொய் சொன்னேன். குப்பை வண்டியில போறான்னு சொல்ல வெட்கப்பட்டேன்."

அவர் என் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கல்யாணத்துக்குக் கூடவா விடல?" என்றார்.

மேற்பார்வையாளரிடம், "அந்த 'இல்லை'யை அடிச்சுட்டுத் தம்பின்னு எழுதுங்க" என்றேன்.

"அது அவர் எழுதினதும்மா. அவர்தான் திருத்தணும்."

வியாழக்கிழமை தொட்டிகளோடு நானும் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலில் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டி நின்றது. பட்டாணி இறங்கி, என்னைப் பார்த்ததும் படியருகிலேயே நின்றான். காதோரம் நரைத்திருந்தது. அதைக் கூட நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

நாலு நாளாக ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோனது. வழக்கம்போல அதட்டலாகத்தான் வந்தது.

"அந்தத் தாள்ல ஏதோ தப்பா எழுதி வச்சிருக்கியாமே. போய்த் திருத்துடா."

"நீ சொன்னதைத்தானே எழுதினேன்."

"நான் சொன்னதுதான்டா தப்பு."

அவன் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நீலத் தொட்டியைத் திறந்தான். அடிவரை கிளறிப் பார்த்தான், எனக்காக விதியை ஒரு தரம் மீறியதே போதும் என்பது போல. மஞ்சள் தொட்டியையும் திறந்தான். மேலாகவே கிடந்தது பால் பெட்டி, அலசி, நசுக்கி, மூடி தனியாக.

"இந்த வாரம் சரியா இருக்குக்கா" என்றான்.

தெரு முழுக்கக் கேட்கும்படி நான் அழுதேன். அவன் தொட்டியை உருட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போனான்.