கையுறையை இழுத்த நூல்

படச்சுருள்கள் இருந்த ஐந்து தகர டப்பாக்களில் மூன்றாவதை மட்டும் டோரீன் எடுத்துத் தனியே நாற்காலியில் வைத்ததை ஹ்யூகோ பென்ரோஸ் பார்த்துவிட்டார். எழுபத்து மூன்று வயதிலும் வளையாத முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அது ஏம்மா அங்க இருக்கு?"

"கோவிச்சுக்காதீங்க மிஸ்டர் பென்ரோஸ். அஞ்சு மணிக்கு ஹாலை நடன வகுப்புக்கு விடணும். கதைக்கு ஒரு ரீல்தானே, ஒண்ணை விட்டா யாருக்கும் தெரியாது."

"எதை விடறதுன்னு குலுக்கிப் போட்டுப் பாத்தீங்களோ?"

வொர்திங் திரைப்படக் கழகத்தின் செயலாளரான டோரீன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். படம் ஓட்டும் டெஸ்மண்ட்தான் சிரித்தார். "அந்தக் கையுறைக் கதை சார். நூல் பளிச்சுன்னு தெரியுது. எங்க வீட்டுப் பூனை வேணா பாயும்."

"அஞ்சும் ஓடணும். இல்லேன்னா அஞ்சும் என்னோட வீட்டுக்கு வரும். நேரம் பத்தலேன்னா டீ இடைவேளையை வெட்டுங்க."

"டீயையா!" என்றாள் டோரீன், ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல.

டீ வெட்டப்பட்டது.

ஐந்து பேய்க்கதைகளைக் கோத்த படம். மூன்றாவதை மட்டும் இயக்கியவர் ஹ்யூகோவின் அப்பா சிரில். ஐம்பது வருடமாக அதைத் திருஷ்டிப் பொட்டு என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் ஹ்யூகோ கடிதம் போட்டிருக்கிறார். ஒன்றை மட்டும் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. படப்பிடிப்பு அன்று சோபாவுக்குப் பின்னால் படுத்து, கையுறை தானாக ஊர்வதுபோல நூலை இழுத்தவர் ஹ்யூகோதான். கால் மரத்துப்போய்க் கையைத் தூக்கினார். நூல் விளக்கொளியில் மின்னியது. மறுபடி எடுக்கப் பிலிம் இல்லை. "நான் வச்ச விளக்கு சரியில்ல," என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டார் அப்பா. கடைசிவரை அதையே சொன்னார்.

முதல் கதை சுமார். இரண்டாவது பரவாயில்லை. கையுறை ஊர்ந்து வந்ததும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ஹ்யூகோ அசையவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் நான்காவது தொடங்கிவிட்டது: ஒரு படிக்கட்டு, ஒரு கதவு, பேச்சே இல்லை. கதவு திறந்தபோது சிரித்தபடி இருந்த வாய்கள் மூட மறந்தன. முன்வரிசையில் யாரோ கைப்பையை நழுவவிட்டார்கள். இத்தனை முறை தனியாகப் பார்த்தும் ஹ்யூகோவுக்கு இது தெரிந்ததில்லை. சிரித்துத் தளர்ந்தவர்களைத்தான் அந்தக் கதவு பிடித்தது. இந்த வரிசையில் அடுக்கியவன் கெட்டிக்காரன்.

ஐந்தாவதும் முடிந்தது. டோரீன் நெஞ்சில் கை வைத்திருந்தாள். "அப்பாடா, அந்த நாலாவது! இன்னும் படபடங்குது. ஆனா மிஸ்டர் பென்ரோஸ், அந்த மூணாவதுல உங்கப்பா எப்படித்தான் நூலைக் கவனிக்காம விட்டாரோ?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஹ்யூகோ எழுந்து நின்றார்.

"அந்த நூல் எங்கப்பா கையில இல்லம்மா," என்றார். "இப்படித்தான் தூக்கினேன்."

டெஸ்மண்ட் இன்னும் புரொஜெக்டர் விளக்கை அணைத்திருக்கவில்லை. வெறும் வெள்ளைத் திரையில், எதையோ பிடித்திருக்கும் இரண்டு விரல்களோடு, ஒரு பெரிய கறுப்புக் கை மெல்ல மேலே எழுந்தது.