எந்தப் போதும்?

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"போதும்னு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்து நாலு வருஷமாக ஒரே கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிற மனுஷர். 'இது தெளிவா, அது தெளிவா' என்று ஊரையே கேட்பார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நீங்களும் விட்டுட்டு வந்துடுங்க, இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருப்போம் என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மனுஷர் வாயைத் திறந்துவிட்டாரே என்று டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை அதிகமாகவே போட்டேன்.

பாதி டீ குடித்திருப்பார். "சம்பளத்துல கால் பங்கு கூட்டித் தராராம்" என்றார்.

"வேலையை விட்டு நிக்கிறவருக்கு எதுக்குக் கூட்டித் தரணும்?"

"இன்னும் மூணு வருஷம் இருந்தா."

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைக் கறந்தேன். கடை முதலாளி நாற்பது வயதுக்காரர், எதையும் நின்று பேசத் தெரியாதவர். ஷட்டரை இழுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "சார், இன்னும் மூணு வருஷம் இருங்க, கால் பங்கு கூட்டித் தரேன். இல்ல, வேலை செஞ்சது போதும்னாலும் சரிதான், கணக்கை முடிச்சுடலாம். என்ன, போதுமா?" இவர் "போதும்" என்றிருக்கிறார். "சந்தோஷம் சார்" என்று கையைக் குலுக்கிவிட்டு முதலாளி காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

"நீங்க சொன்னது எந்தப் போதும்? சம்பளம் போதுமா, வேலை போதுமா?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "அதைத்தான் வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன்."

"நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியாதா?"

"அவர் கேட்டார், வாயில வந்துடுச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார் இவர். ஆக, என் வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பது திங்கட்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாது, அவரையும் சேர்த்து.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வைத்திருப்பாள்.

"அம்மா, இப்பவே அப்பா நின்னுட்டா, நீங்க ரெண்டு பேரும் எண்பத்தஞ்சு வரைக்கும் இருந்தா ஒரு கவலையும் இல்ல. தொண்ணூத்திரண்டு வரைக்கும் இருந்தாத்தான் இடிக்கும்."

"அப்ப எண்பத்தஞ்சோட கிளம்பிடணுங்கறியா?"

"ஐயோ அம்மா!"

இவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "மூணு வருஷம் கூட வேலை பாத்தா தொண்ணூத்திரண்டு வரைக்கும் தாங்குமாம்மா?"

"பணம் தாங்கும்ப்பா. உங்க முழங்கால் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவு படித்த பெண்ணும் எங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு, பத்திரமா இருங்க என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு யோசனை. "இன்னைக்கு ஒரு நாள் வேலையை விட்ட மாதிரியே இருந்து பாருங்க" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எப்படியும் லீவுதானே?"

"லீவுன்னு நினைக்காதீங்க. இனிமே எல்லா நாளும் இப்படித்தான்னு நினைச்சுக்கோங்க."

முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. எட்டு மணிக்குள் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்தார். ஒன்பது மணிக்குச் சமையலறைக்குள் புகுந்து, அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் அவர் கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை மாதிரி மேல் தட்டில் பெரிசு, கீழே வர வரச் சிறிசு என்று அடுக்கி வைத்தார். நான் சர்க்கரையைத் தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே நடந்தார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை என் பின்னால் வந்து நின்று, "இப்ப என்ன பண்ணலாம்?" என்றார்.

"அனுபவிங்க."

"அனுபவிக்கிறதுன்னா என்ன பண்ணணும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். சொல்லிக் கொடுக்கலாமென்று என் நாட்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருஷமாக நான் என்ன அனுபவித்தேன்? துணி மடித்தேன், டிவி பார்த்தேன், ஏழரை மணிக்கு இவர் வருவாரென்று வாசலைப் பார்த்தேன். அதைத்தான் இத்தனை நாளாக நிம்மதி என்று அவருக்கு விற்றுக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இருவரும் பூங்காவுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் போகிறவர் வருகிறவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு ஃப்ரேம் இடது பக்கம் இறங்கியிருக்கு" என்றார்.

"ம்" என்றேன்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான இந்த முப்பத்து மூன்று வருஷமாக எங்கள் பேச்சு ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும்தான். கரண்ட் பில், மகள், ஒழுகுகிற குழாய். இரண்டு மணி நேரத்துக்கு அது தாராளமாகக் காணும். அன்றைக்கு அந்தச் சரக்கு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. இனி தொண்ணூற்றிரண்டு வரைக்கும் இப்படி ஒரு பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இந்த மனுஷரை எனக்கு நிஜமாகவே தெரியுமா என்று பயமாக இருந்தது.

நான் இப்படிப் பயந்துகொண்டிருக்கும்போதே அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பகல் வெளிச்சத்தில், எங்கேயும் போகிற அவசரமில்லாமல், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கண்ணோரத்தில் அத்தனை சுருக்கம் எப்போது விழுந்ததென்று தெரியவில்லை. தோள் மரத்துப்போயிற்று, ஆனாலும் நான் அசையவில்லை. அவர் எழுந்துவிடக் கூடாதே என்று இருந்தது. அரை மணி நேரத்துக்குள் ஒரே பெஞ்சில் ஒருத்திக்கு இரண்டும் தோன்றினால் அவள் எதை நம்புவது?

திரும்பி வரும்போது, "நல்லாத்தான் இருந்தது, இல்ல?" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நானும் கடைக்குக் கூடவே போனேன். இவரைத் தனியாக விட்டால் இன்னொரு 'போதும்' சொல்லிவிட்டு வருவார்.

உள்ளே நுழைந்தால், கண் சோதிக்கிற அறையில் இவருடைய ஸ்டூலில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி 'வேலை போதும்' என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் நடந்த குழப்பத்தை விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. இவங்களை நம்ம இன்னொரு கடைக்கு அனுப்பிடறேன். சார், இந்தத் தடவை தெளிவா சொல்லிடுங்க. இருக்கீங்களா, நிக்கறீங்களா?"

இவர் அந்த ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று காலை அவர் ஷேவ் பண்ணியிருக்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். கடைக்குப் போகிற நாளில் அவர் அப்படி வெளியே கிளம்பியதே கிடையாது.

"நின்னுடலாம்னு பாக்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நேத்து மாதிரி இருந்தாப் போதும்னு தோணுது. நீ என்ன சொல்ற?"

இரண்டு வருஷமாக நான் கெஞ்சிக் கேட்ட வார்த்தை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரிங்க, வாங்க போகலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே" என்றது என் வாய்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெண்ணைக் கூப்பிட உள்ளே போனார். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமில்லை, புரியாத முகம்.

"பணத்துக்காகவா சொல்ற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"அப்ப சரி" என்றார். முகம் தெளிந்துவிட்டது. பணமென்றால் அவருக்குப் புரியும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட ஒரே நேரான கேள்வி அது. அதற்கு நான் பொய் சொல்லிவிட்டேன். வீடு வந்து சேர்ந்து இவ்வளவு நேரமாகிறது, அது பொய்தானா என்றுகூட எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.