பதினோரு நிமிடக் கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் மாதத்து பஸ்ராவில், நிழலுக்கே வியர்த்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, ஐஸ் இல்லாமல், ஏசி இல்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வெண்டைக்காய் நறுக்கும் கத்தியை எடுத்து நான் ஒரு கம்ப்யூட்டரைக் குளிரவைத்தேன். சாயங்காலம் அதன் பின்னாலிருந்து வந்த காற்றுக்கு என் மனைவி நதீமா போர்வை தேடினாள். போர்வை விஷயத்தை வேண்டுமானால் நம்பாதீர்கள். மற்றதை நம்பத்தான் வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் ஐஸ் பேக்டரியில் இருந்தவன் நான். என்னோடு கைகுலுக்கியவர்கள் மறுநாள் வரை விரலை மடக்க முடியாமல் திரிந்ததுண்டு. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, வீட்டில் எது சூடானாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வாரம் சூடானது மகள் ஷஹ்லாவின் கம்ப்யூட்டர். கடையிலேயே பூட்டி முடித்துக் கொடுத்த பெட்டி. ஷஹ்லா கட்டடக் கலை படித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலை தேடிக் களைத்திருந்தாள். பாக்தாதில் ஒரு அலுவலகம் ஒரு மருத்துவமனையின் வரைபடத்தைக் கொடுத்து, அதற்குள் நடந்து போவதுபோல மூன்று நிமிடப் படம் செய்யச் சொல்லியிருந்தது. வியாழன் மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிடித்தால் வேலை. படத்தைக் கம்ப்யூட்டர் கோத்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். எங்கள் பெட்டியோ பதினோரு நிமிடம் ஓடும், நோயாளி ஒட்டகம் போல உறுமும், பட்டென்று அணைந்துவிடும். அணைந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஞாயிறு முதல் புதன் வரை நாங்கள் செய்யாதது இல்லை. மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்தோம். சூடான காற்றை வேகமாக அடித்தது, அவ்வளவுதான். மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தோம். பன்னிரண்டு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்தைக் கொண்டாட நான் இனிப்பு வாங்கப் போய்விட்டேன். தண்ணீர்க் குளிரூட்டியை அறைக்குள் இழுத்து வந்தோம். பாக்தாதின் உலர்ந்த காற்றுக்கு அது சரி. எங்கள் ஊரின் ஈரக்காற்றில் சுவர் நனைந்தது, பாய் நனைந்தது, கம்ப்யூட்டர் நனைவதற்குள் ஷஹ்லா அதை நிறுத்தினாள். ஏசி ஓட வேண்டுமென்றால் அரசு மின்சாரம் வர வேண்டும். தெரு ஜெனரேட்டர் கொடுக்கும் ஆம்பியர் விளக்குக்கும் விசிறிக்கும் பிரிட்ஜுக்கும் இந்தப் பெட்டிக்கும்தான் போதும்.

வியாழன் காலை எட்டரைக்கு நதீமாவின் அண்ணன் ஃபாலிஹ் வந்து வழக்கம்போல சோபாவில் சாய்ந்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லும் எதையும் பாதியாக வகுத்த பிறகுதான் காதில் வாங்குவார். எனக்கு அவர் உஸ்தாத், அதாவது வாத்தியார்; அவருக்கு நான் அபூ ஷஹ்லா, ஷஹ்லாவின் அப்பா.

"விட்ருங்க அபூ ஷஹ்லா. வெளியயும் அம்பது, உள்ளயும் அம்பது. சூடு எங்க போகும்? பௌதிகம் ஒத்துக்காது."

"பௌதிகத்த யாரு கேட்டா உஸ்தாத்? டீ ஆறுது, குடிங்க."

"இந்த ஊர்ல டீ ஆறினா அதையே நான் நம்ப மாட்டேன்."

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த ஷஹ்லா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "பாபா, போதும். பத்தரைக்குள்ள சரியாகலேன்னா, முடியலன்னு எழுதிப் போட்டுடறேன். எனக்குத் தூங்கணும்."

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை. எழுந்து போய்ப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் புதுப்பொருளின் நைலான் தாளை யாரும் உரிப்பதில்லை. பிரிட்ஜ் கதவு, டிவி ரிமோட், ஏழு வருஷத்து சோபா, எல்லாம் நைலானுக்குள்தான் வாழ்கின்றன. கம்ப்யூட்டரும் அப்படியே. முன்பக்கமும் மேல்பக்கமும் கடையில் ஒட்டிய தாள். அதற்கு மேல், மண்காற்றுக்குப் பயந்து நதீமா தைத்துப் போட்ட திரைத்துணிச் சட்டை. காற்று உள்ளே போகும் துளைகளெல்லாம் இந்த இரண்டுக்கும் அடியில் மூச்சு முட்டிக் கிடந்தன. நாலு நாளாக அதன் எதிரே உட்கார்ந்திருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தேன்.

"வெண்டைக்கா பாதியில நிக்குது," என்றாள் நதீமா. "எதுக்கு அது?"

"உன் மகளுக்கு."

நைலானில் கத்தி பட்ட சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள். "ஐயோ, புதுசு! மண்காத்து அடிச்சா யாரு தொடைப்பா? நீங்களா?"

"நானேதான்."

"எழுதிக் குடுங்க."

உரித்து எடுத்துவிட்டு ஓட்டினோம். பதினோரு நிமிடம் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது. பத்தொன்பதில் அணைந்தது.

"சொன்னேன்ல," என்றார் ஃபாலிஹ். அவருக்கும் அதைச் சொல்ல அலுப்பாகத்தான் இருந்தது.

பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். மூளைச் சில்லின் மேல் சூட்டை இழுத்து வெளியே தள்ள ஒரு உலோகக் கட்டி, இட்லித்தட்டு அடுக்கியதுபோல, தலையில் ஒரு விசிறியோடு இருக்கும். ஷஹ்லா பிளக்கைப் பிடுங்கியதும் அதில் விரல் வைத்தேன். வெதுவெதுவென்றிருந்தது.

"அணையறப்ப எத்தன டிகிரி காட்டுச்சும்மா?"

"நூறு."

"நூறு டிகிரி மேல உக்காந்திருக்கிற உலோகம் ஏன் சுடல? நடுவுல யாரோ படுத்திருக்காங்க. ஐஸ் பேக்டரில குழாய் மேல எண்ணெய் படிஞ்சா இப்படித்தான் ஆகும். சூடு வந்து வாசல்லயே நின்னுடும்."

ஃபாலிஹ் நைலானிலிருந்து முதுகைப் பிய்த்துக்கொண்டு எழுந்து வந்தார். தானும் விரல் வைத்துப் பார்த்தார்.

ஷஹ்லா நாலு திருகாணியைக் கழற்றிக் கட்டியை மெல்லத் திருகித் தூக்கினாள். கவிழ்த்தாள். செம்புத் தகட்டின் மேல் பளபளவென்று ஒரு நைலான் தாள். அதில் சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. ஃபாலிஹ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "பொருத்துமுன் இதை உரிக்கவும்."

நதீமாதான் முதலில் பேசினாள். "கடையில பூட்டின பையன் யாரு வீட்டுப் பிள்ளையோ. நல்லா வளத்திருக்காங்க."

ஷஹ்லா சிரித்தாள். ஐந்து நாளில் அது முதல் சிரிப்பு. அழுகைக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.

உரித்ததும், சில்லின் சூட்டைக் கட்டிக்குக் கடத்த நடுவில் தடவும் பசை புதிதாக வேண்டியிருந்தது. பெட்டியோடு வந்த சின்னக் குழாய், கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்கான டீ கிளாஸ்களின் நடுவே வீற்றிருந்தது. "அது புதுசு," என்று ஆரம்பித்த நதீமா எங்கள் மூன்று முகத்தையும் பார்த்து, சாவியைக் கொடுத்துவிட்டாள்.

பழசைத் துடைத்து, புதுப் பசையைப் பருப்பு அளவு வைத்து, இறுக்கிப் பூட்டி ஓட்டியபோது மணி பத்து பத்து. திரையில் எண் ஏறியது: அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்தி நாலு. அங்கேயே நின்றது. பிறகு தெருவில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது அந்த எண் நாற்பத்தி நாலாகியிருந்தது, அது வேறு.

பதினோராவது நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. பத்தொன்பதாவது நிமிடம் ஃபாலிஹ் நாற்காலியை இழுத்துப் பெட்டியின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் ஜெனரேட்டர் இரண்டு முறை தடுமாறியது. மின்சாரம் போனால் கம்ப்யூட்டரைத் தாங்க வைத்திருந்த பேட்டரிப் பெட்டி கீச்சிட்டுத் தாங்கிக்கொண்டது. வெண்டைக்காய்க் குழம்பையும் சோற்றையும் அதன் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இரண்டு முறை தூங்கி விழுந்தேன். ஃபாலிஹ் தூங்கவில்லை. அணையும் நொடியைத் தவறவிடக் கூடாது என்று காத்திருந்தார்.

மூன்று இருபத்தேழுக்குப் படம் முடிந்தது. மூன்று ஐம்பதுக்கு பாக்தாதிலிருந்து பதில்: படம் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை நேரில் வாருங்கள். ஷஹ்லா அதை இரண்டு முறை படித்தாள், கைப்பேசியை மார்பில் கவிழ்த்துத் தரையிலேயே தூங்கிப்போனாள்.

சமையலறையிலிருந்து நதீமா கேட்டாள், "நெஜமாவே ஒருவாட்டிகூட அணையலயா?"

"பத்து மணி நேரம்," என்று நான் ஆரம்பித்தேன்.

"அஞ்சு மணி பதினேழு நிமிஷம்," என்றார் ஃபாலிஹ். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா ஒருவாட்டிகூட அணையல நதீமா. பக்கத்துலயேதான் இருந்தேன். நடந்துச்சு."