குடும்பப் புத்தகத்துக்கு ஓலை வாசிப்பு

பாளையங்கோட்டையில் வரலாறு நடத்தும் ஜெபராணி டீச்சர் மூன்று வருடம் படாத பாடுபட்டு எழுதிய குடும்ப வரலாற்று மின்னூல், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரே வாரத்தில் மூன்று நூலாகப் பெருகிவிட்டது. ஒன்றில், கிறிஸ்தவ சபையில் உபதேசியாராக இருந்த தாத்தா ஊர்க் கோயிலின் மணிக்கூண்டையே கட்டிக்கொடுத்திருந்தார். இன்னொன்றில் நேசமணி அத்தை தலைமையாசிரியை ஆகியிருந்தாள். எல்லாவற்றுக்கும் அட்டையில் ஜெபராணியின் பெயர்தான். "டீச்சரே புளுகுதாளே" என்று பேச்சு வந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் டீச்சர் ஷம்ஸியாவிடம் போய் நின்றாள்.

"வேர்டு ஃபைலை அப்படியே அனுப்பிட்டு, மாத்துனவங்கள ஏசுதியளாக்கும்" என்று சிரித்தாள் ஷம்ஸியா. "டிஜிட்டல் கையெழுத்து போட்டுருவோம். பொறவு ஒரு எழுத்தை மாத்தினாலும், கம்ப்யூட்டர்ல தொறந்தா காட்டிக்கொடுத்துரும். மொதல்ல நீங்க பிழையில்லாம கொண்டாங்க."

பிழையை யாரிடம் கேட்பது? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்கள் பெயரை அறிவித்து ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வார்களே, அதையே ஜெபராணி தன் நூலுக்குக் குழுவில் செய்தாள். தடையுள்ளவர்கள் ஆதாரத்தோடு வரவேண்டும். மூன்றாம் ஞாயிறோடு கையெழுத்து விழும்.

முதல் ஞாயிறு கைகூப்பும் படங்கள் வந்தன. இரண்டாம் ஞாயிறு முப்பத்தேழு 'ஆமென்' வந்தது. ஆதாரம் என்றதும் மணிக்கூண்டுக்காரர்கள் மூச்சே விடவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஒன்றுவிட்ட சித்தப்பா ஞானையா வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்காவ தலைமையாசிரியை ஆக்குனது நான்தான்" என்றார். ஜெபராணி சண்டைக்குத் தயாரானாள். அவரோ பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினார். பிள்ளைகள் நடுவே நேசமணி அத்தை. கீழே 'தலைமையாசிரியை' என்று அச்சிட்டிருந்தது.

"நாங்குநேரி பக்கம் இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூடம் நடத்துனா. என்னையப் படிக்கவச்சவளும் அவதான். நீ 'திருமணமாகவில்லை'ன்னு ஒத்த வரில முடிச்சிட்டியே ஜெபா."

ஜெபராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. புளுகியது யார் என்று தேடித் திரிந்தவளுக்கு, தான் விட்டது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"தடைய ஏத்துக்கிட்டேன் சித்தப்பா. உக்காருங்க, அவங்களப் பத்திச் சொல்லுங்க."

சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பக்கம் கூடியது. மறுநாள் ஷம்ஸியா கையெழுத்தைப் பதித்ததும் ஞானையா திரையில் அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இனிமே ஒரு பயலும் இதுல கைவைக்க முடியாதுல்லா?"

"வச்சா காட்டிக்கொடுத்துரும் சித்தப்பா."

"என்னையுமா?"

"ஒங்களையும்தான்."

"நல்லது" என்று சந்தோஷமாகச் சிரித்தார் ஞானையா. "எனக்கும் மாத்த வேண்டியது இனி ஒண்ணுமில்ல."